கைத்தடம் பதிந்த திரை

மதுரை மாநகரின் கைத்தொழில்களுள் சுங்குடிச் சேலை பெயர் பெற்றது. வெண்மையான பருத்தித் துணியைச் சிறு சிறு புள்ளிகளாகக் கிள்ளி எடுத்து, நூலால் இறுகச் சுற்றி முடிச்சிடுவர். பின்னர்ச் சாயத்தில் தோய்ப்பர். முடிச்சினுள் சாயம் புகாது. துணி உலர்ந்தபின் முடிச்சுகளை அவிழ்த்தால், வண்ணப் பரப்பின்மேல் விண்மீன்களைப் போலப் புள்ளிகள் தோன்றும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள் வேண்டும். சௌராட்டிர மகளிர் வழிவழியாக இவ்வேலையைச் செய்துவருகின்றனர். அவர்கள் இடும் புள்ளிகளுள் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. ஒன்று சற்றே பெரிது. ஒன்று சற்றே நீண்டது. இயந்திரத்தில் அச்சிட்ட சேலையிலோ புள்ளிகள் யாவும் அளந்து வைத்தாற்போல் ஒத்திருக்கும். எனினும், தேர்ந்த கண் கையால் முடிந்ததையே நாடும். அதில் மனிதக் கையின் தடம் இருக்கிறது அன்றோ?

இவ்வுண்மை துணிக்கு மட்டும் உரியதன்று; திரைப்படத்திற்கும் உரியது. ‘திரைப்படம் இயந்திரத்தால் ஆவது, அதில் கைக்கு என்ன வேலை?’ என்று சிலர் வினவலாம். கணிப்பொறியாலேயே மலையையும் கடலையும் படைத்துக் காட்டும் இக்காலத்தில் அவ்வினா எழுவது இயல்பே. ஆயினும், திரைப்படம் தோன்றிய நாளில் அது பெரிதும் ஒரு கைத்தொழிலாகவே இருந்தது.

அந்நாளைய படப்பொறியின் பக்கத்தில் ஒரு கைப்பிடி இருக்கும். அதனைச் சுழற்றினால் உள்ளே படச்சுருள் ஓடும். ஓர் அடிச் சுருளில் 16 படங்கள் அடங்கும். நொடிக்கு ஏறத்தாழ 16 படங்கள் பதியுமாறு சுழற்றுவது வழக்கம். ஆகவே, ஒரு நொடிக்கு ஓர் அடிச் சுருள் செலவாகும் என்று கொள்ளலாம். சுழற்றும் கை தளர்ந்தால் படங்களின் எண்ணிக்கை குறையும். திரையில் அம்மாந்தர் விரைந்து ஓடுவர். கை விரைந்தால் அவர்கள் மெல்ல நடப்பர். பழைய மௌனப் படங்களில் மக்கள் துள்ளித் துள்ளி நடப்பதைக் கண்டு நாம் நகைக்கிறோம். அத்துள்ளலுக்கு ஒரு காரணம், பெயர் அறியாத ஒருவருடைய கையின் ஏற்றத்தாழ்வே ஆகும். பிற்காலப் பொறிகள் அச்சுருளை மிகுந்த விரைவில் ஓட்டிக் காட்டுவது மற்றொரு காரணமாகும்.

வண்ணமும் கையாலேயே ஊட்டப்பட்டது. சுங்குடிக்குச் சாயம் தோய்ப்பது போலவே, இரவுக் காட்சியுள்ள சுருளை நீலச் சாயத்திலும், தீ எரியும் காட்சியுள்ள சுருளைச் செஞ்சாயத்திலும் தோய்த்தெடுத்தனர். பிரான்சு நாட்டில் மெலியே என்பவர் எடுத்த மாயப் படங்களுக்கு, பாரிசு நகரத்தில் தூலியே அம்மையாரின் கூடத்தில் வண்ணம் தீட்டினர். அங்கே இருநூறுக்கும் மேற்பட்ட மகளிர் அமர்ந்து, விரல் நகத்தளவே உள்ள முகங்களுக்கும் ஆடைகளுக்கும் நுண்ணிய தூரிகையால் ஒவ்வொரு படமாக வண்ணம் இட்டனர் என்பர். ஒரு படத்தில் எல்லைக்குள் நின்ற வண்ணம் அடுத்த படத்தில் மயிரிழை விலகும். அதனால் திரையில் அவ்வண்ணம் சுடர்போல நடுங்கும். அந்நடுக்கமே அப்படங்களின் அழகாயிற்று.

இந்திய நாட்டில் இத்தொழிலைத் தம் இல்லத்திலேயே தொடங்கியவர் தாதாசாகேப் பால்கே. அவர் 1912-ஆம் ஆண்டில் இலண்டன் சென்று படப்பொறி வாங்கி வந்தார். முதலில் ஒரு பட்டாணி விதை முளைத்துச் செடியாவதை நாள்தோறும் சிறிது சிறிதாகப் படம் பிடித்துக் காட்டிப் பொருளுதவி பெற்றார். அவர் வாங்கிய படச்சுருளில் ஓரத் துளைகள் இல்லை. அவருடைய மனைவியார் சரசுவதி பாய் இருட்டறையில் இருந்து சுருளுக்குத் துளையிட்டார். படத்தைக் கழுவுவதிலும் துணை நின்றார். அத்துடன் படக்குழுவினர் அனைவர்க்கும் உணவும் சமைத்தார். பெண்கள் நடிக்க முன்வராமையால், உணவு விடுதியில் பணிபுரிந்த சாலுங்கே என்னும் இளைஞர் தாராமதியாக நடித்தார். 3,700 அடி நீளமுள்ள ‘ராஜா அரிச்சந்திரா’ 1913-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள் பம்பாயில் பொதுமக்களுக்குக் காட்டப்பெற்றது.

தமிழகத்தில் இவ்வழி சென்றவர் வேலூரில் பிறந்த நடராச முதலியார். அவர் மோட்டார் உதிரிப் பொருள் வணிகர். பூனாவில் ஸ்டுவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலப் படப்பிடிப்பாளரிடம் இத்தொழிலைக் கற்றார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் சென்னையில் ‘இந்தியா பிலிம் கம்பெனி’யை நிறுவி, ‘கீசக வதம்’ என்னும் படத்தை எடுத்தார். மின்விளக்கு இல்லை, கதிரவனே விளக்கு. வெயிலின் கடுமையைத் தணிக்க மேலே மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டினர். சென்னையின் வெப்பம் படச்சுருளைக் கழுவுவதற்கு ஏற்றதாக இல்லை. ஆதலின் குளிர்ந்த பெங்களூரில் அதற்கென ஒரு கூடம் அமைத்து, எடுத்த சுருளை அங்கே கொண்டுசென்று கழுவினர். நாடக நடிகரும் வழக்கறிஞருமான ரங்கவடிவேலு நடிகர்களைப் பயிற்றினார். பேச்சில்லாத படம் ஆகையால் தமிழிலும், ஆங்கிலத்திலும், இந்தியிலும் எழுத்துப் பலகைகள் காட்டப்பெற்றன. 6,000 அடி நீளமுள்ள இப்படமே தென்னாட்டின் முதற் கதைப்படம் என்று போற்றப்படுகிறது.

அப்படத்தை இன்று காண இயலுமா? இயலாது. அதன் ஒரு பிரதியும் எஞ்சவில்லை. முதலியாருடைய படப்பிடிப்பு நிலையமும் பின்னாளில் தீக்கு இரையாயிற்று. அக்காலப் படச்சுருள் நைட்ரேட் என்னும் பொருளால் ஆனது, எளிதில் தீப்பற்றுவது, வெப்பத்தில் தானாகவே சிதைவது. போதாக்குறைக்கு, சுருளிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுக்க விரும்பிப் பழைய படங்களை அழித்தவர்களும் உண்டு. தென்னாட்டு மௌனப் படங்களுள் தப்பிப் பிழைத்தது 1933-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மார்த்தாண்ட வர்மா’. அது பிழைத்த வரலாறு வியப்பானது. நாவலின் பதிப்புரிமை பெற்ற திருவனந்தபுரம் புத்தக நிலையத்தார் வழக்குத் தொடுத்ததால், படம் காட்டப்படாமல் முடக்கப்பட்டது. அந்நிலையத்தில் அடைபட்டுக் கிடந்த சுருளை 1974-ஆம் ஆண்டில் பூனாவின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பெற்றுப் பாதுகாத்தது. ஓடிப் புகழ் பெற்ற படங்கள் மறைந்தன. வழக்கில் சிக்கிய படம் வாழ்ந்தது!

மூலம் மறைந்தபின், அதன் சாயலை மீண்டும் ஆக்கிப் பார்க்கும் விருப்பம் கலைஞர்க்கு எழுவது இயல்பு. அதற்கு இரண்டு வழிகள் உள்ளன. புதிய படம் ஒன்றை எடுத்துக் கணிப்பொறியின் துணையால் அதன்மேல் கீறல்களையும் புள்ளிகளையும் தூவுவது ஒரு வழி. இஃது எளிது, ஆனால் பொய்மை உடையது. முகத்தில் சுருக்கம் வரைந்துகொண்ட சிறுவன் முதியவன் ஆகான். கீறல் என்பது படத்திற்குக் காலம் செய்த தீங்கே அன்றி, அதனை ஆக்கியவர் செய்த கலை அன்று. பழைய கலைஞர் எக்கருவியால், எந்நெருக்கடியில், எவ்வாறு உழைத்தனர் என்பதை ஆராய்ந்து, அவ்வுழைப்பைத் தாமும் மேற்கொள்வது மற்றொரு வழி. இதுவே உயர்ந்தது.

கனடா நாட்டு வின்னிபெக் நகரத்தைச் சேர்ந்த கய் மாடின் இரண்டாம் வழியைப் பின்பற்றியவர். பெரிய நிறுவனங்களைச் சாராமல், சிறு பொருளைக் கொண்டு படம் எடுத்தவர். மங்கிய ஓரங்கள் வேண்டியபோது படப்பொறியின் கண்ணாடியில் களிம்பைப் பூசினார். 2000-ஆம் ஆண்டில் அவர் எடுத்த ‘உலகத்தின் இதயம்’ என்னும் 6 நிமிடப் படம், 1920-களில் சோவியத்து நாட்டில் எடுத்ததோ என ஐயுறும்படி அமைந்தது. பிரெஞ்சு இயக்குநர் அசனாவிசியுஸ் 2011-ஆம் ஆண்டில் ‘தி ஆர்ட்டிஸ்ட்’ என்னும் மௌனப் படத்தை ஆக்கினார். அவர் நொடிக்கு 22 படங்களாகப் பதிந்து, 24 படங்களாக ஓட்டினார். அச்சிறு வேறுபாட்டால் நடிகர்களின் நடையில் பழைய துள்ளல் மெல்லியதாக வந்து சேர்ந்தது. கையின் தளர்ச்சியால் அன்று நேர்ந்ததை, அவர் கணக்கறிந்து ஆக்கினார்.

நம் நாட்டில் மராத்திய நாடகக் கலைஞர் பரேஷ் மோகாஷி, 2009-ஆம் ஆண்டில் ‘அரிச்சந்திராச்சி பேக்டரி’ என்னும் படத்தைப் படைத்தார். அதுவே அவருடைய முதற்படம். பால்கே முதற்படம் எடுத்த கதையே அதன் பொருள். ‘அரிச்சந்திரனின் தொழிற்சாலை’ என்னும் அப்பெயர்க்கும் ஒரு காரணம் உண்டு. அந்நாளில் திரைப்படத்தில் நடிப்பது இழிவு எனக் கருதப்பட்டது. ஆதலின், ‘அரிச்சந்திரன் என்பவருடைய தொழிற்சாலையில் வேலை பார்க்கிறோம் என்று சொல்லுங்கள்’ எனப் பால்கே தம் நடிகர்களுக்குக் கூறினாராம். மோகாஷியின் படத்தில் படப்பொறி பெரும்பாலும் ஓரிடத்தில் அசையாது நிற்கிறது. மாந்தர் அதன்முன் வந்து நடித்துச் செல்கின்றனர். பால்கேயின் காலத்துப் படங்கள் அவ்வாறே இருந்தன. சொல்லும் கதைக்கும் சொல்லும் முறைக்கும் இவ்வாறு பொருத்தம் அமைந்தது.

இனி, மதுரைக்கு வருவோம். மதுரையைச் சூழ்ந்த சமவெளி ஊர்களில், அறுவடை முடிந்த காலத்தில் டெண்டுக் கொட்டகைகள் எழுந்த நாள்கள் உண்டு. மக்கள் மணலைக் குவித்து அமர்ந்து படம் பார்த்தனர். சுருள் அறுந்தால் ஆபரேட்டர் பசையிட்டு ஒட்டுவார். அதுவரை பார்ப்போர் பொறுமையாய் இருப்பர் என்று சொல்வதற்கில்லை! நகரத்தில் 1952-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற தங்கம் தியேட்டரில் 2,500-க்கும் மேற்பட்டோர் ஒருங்கே அமரலாம். அக்கட்டடம் இன்று இல்லை. படங்கள் மட்டும் அல்ல. படம் பார்த்த இடங்களும் மறைந்தன.

மறைந்த அவ்வுலகின் ஒரு பகுதியை மீட்க முயன்றவர் மதுரைப் பகுதியைச் சேர்ந்த சசிகுமார். அவர் 2008-ஆம் ஆண்டில் தாமே எழுதி, தாமே பொருள் இட்டு, தாமே இயக்கி, ‘சுப்பிரமணியபுரம்’ என்னும் படத்தை வெளியிட்டார். மதுரையின் ஒரு பகுதியே சுப்பிரமணியபுரம். வன்முறை வழியில் சென்ற இளைஞர்களின் அழிவைக் கூறும் அக்கதை 1980-ஆம் ஆண்டில் நிகழ்வது. 28 ஆண்டுகளே கடந்திருந்தாலும், அக்காலத் தெருவை மீண்டும் காட்டுவது எளிதன்று. ஒரு கைப்பேசிக் கோபுரமோ, ஒரு பிளெக்ஸ் பலகையோ காட்சியில் புகுந்தால் மாயம் கலைந்துவிடும். எனவே பெல்பாட்டக் காற்சட்டை, நீண்ட தலைமுடி, வானொலிப் பாட்டு, சுவரொட்டி, புதுப்படம் வெளிவந்த நாளில் கொட்டகையில் எழும் ஆரவாரம் என ஒவ்வொன்றையும் தேடிச் சேர்த்தனர். தம் இளமைக்கால மதுரையை முதியோர் அப்படத்தில் கண்டனர். இளையோரோ தாம் காணாத மதுரையைக் கண்டனர்.

இத்தகைய முயற்சிகளால் விளையும் பயன் யாது? புதிதாக ஆக்கிய எதுவும் மறைந்த மூலத்திற்கு ஈடாகாது. எத்துணைத் திறமையோடு ஆக்கினும், நடராச முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ மீண்டு வாராது. ஆயினும், கைத்திறன் என்பது நூலில் மட்டும் வாழ்வதன்று. செய்யும் கையில் வாழ்வது. முடிச்சிடும் கைகள் ஓய்ந்தால் சுங்குடி ஓவியமாக மட்டுமே எஞ்சும். படச்சுருளைக் கழுவவும், ஒட்டவும், வண்ணம் ஊட்டவும் அறிந்தவர் இன்று மிகச் சிலரே. சுருளைக் கழுவும் கூடங்கள் பல மூடப்பட்டன. பழைய முறையில் ஒரு படத்தை எடுக்க முனைபவர், அச்சிலரைத் தேடிச் சென்று கற்கிறார். அவ்வாறு கற்பதனால் ஒரு தொழில் இன்னும் ஒரு தலைமுறை வாழ்கிறது.

எஞ்சியவற்றைக் காப்பது முதற்கடமை. மறைந்தவற்றின் முறையைக் கற்பது அடுத்த கடமை. வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய படச்சுருளையும், நிழற்படத்தையும், பாட்டுப் புத்தகத்தையும் குப்பை என்று எறியுமுன், அவற்றை ஆக்கிய கைகளை ஒருகணம் நினைத்தல் வேண்டும். கருவிகள் மாறும், விரைவு கூடும். கையின் உழைப்பை மதிக்கும் மனம் மாறாதிருப்பின், கலை என்றும் வாழும்.

வினாக்கள்

1. சுங்குடிச் சேலைக்கும் பழைய திரைப்படத்திற்கும் உள்ள ஒப்புமை யாது?

2. மௌனப் படங்களில் மாந்தர் துள்ளி நடப்பதன் காரணங்களை விளக்குக.

3. ‘கீசக வதம்’ எடுத்தபோது நடராச முதலியார் வெயிலையும் வெப்பத்தையும் எவ்வாறு சமாளித்தார்?

4. ‘மார்த்தாண்ட வர்மா’ அழியாமல் பிழைத்தது எவ்வாறு?

5. பழமையை மீண்டும் ஆக்கும் இருவழிகளுள் உயர்ந்தது எது? ஏன்?

6. உம் ஊரில் மறைந்துவரும் ஒரு கைத்தொழிலைப் பற்றி, அதனைச் செய்யும் முதியவர் ஒருவரிடம் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.