போதகருக்குப் படியளப்பது யார்?

நம்பிக்கை: "எங்கள் சபையில் இருபது குடும்பம்தான். காணிக்கைப் பையில் விழுவதுதான் போதகருக்கு."

உண்மை: இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லக் கூடாது. இங்கே ஊழியம் வேர்விட்டதே அடுத்த ஊர்க்காரர் காசில்தான். 1854இல் சர்ச் மிஷனரி சங்க (சி.எம்.எஸ்.) மிஷனரி ராக்லண்ட் வட திருநெல்வேலியில் கூடாரமடித்து ஊர் ஊராகச் சுற்றத் தொடங்கினார். அவருக்குத் துணையாக உபதேசியார்களை முறைவைத்து அனுப்பிச் செலவையும் ஏற்றவை தெற்கத்திச் சபைகள். பனையேறிப் பிழைத்த அந்தச் சனங்கள் ஒன்றும் பணத்தில் புரளவில்லை. 1861இல் சி.எம்.எஸ். செயலர் ஹென்றி வென் வகுத்த முறையும் இதுவே: சபையார் தருவது பொது நிதியில் சேரும், உள்ளூர் ஊழியர் சம்பளம் அதிலிருந்து போகும்.

இன்றும் சி.எஸ்.ஐ. திருமண்டலங்களில் சேகரம் தன் பங்கைக் கட்டுகிறது. குருவானவருக்குச் சம்பளம் திருமண்டல விகிதப்படி வருகிறது. சேகரம் சிறியது என்பதற்காக அவர் வீட்டு அடுப்பு அணைவதில்லை. திண்டாடுவது, எந்த அமைப்பிலும் சேராத தனிச் சபையின் போதகர். மில் ஷிப்டுக்குப் போகிறவர்களும் தறி ஓட்டுகிறவர்களும் மட்டுமே உள்ள சபையில் அவர் யாரிடம் போய்க் கேட்பார்?

நம்பிக்கை: "பவுல் கூடாரம் தைத்துப் பிழைத்தாரே!"

உண்மை: தைத்தார். ஆனால் கொரிந்துவில் ஊழியம் செய்ய மற்றச் சபைகளிடம் சம்பளம் வாங்கினேன் என்று எழுதியதும் அவரே (2 கொரிந்தியர் 11:8). இந்த வசனத்தை மட்டும் கமிட்டிக் கூட்டத்தில் யாரும் எடுப்பதில்லை.

நம்பிக்கை: "போதகர்களுக்குத்தான் வெளிநாட்டுப் பணம் வருகிறதே."

உண்மை: வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2020இல் திருத்தப்பட்ட பிறகு, அந்த நன்கொடையைப் பெறும் அமைப்பு அதை வேறொரு அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. அதனால் பெரிய அமைப்புக்கு வரும் பணம் சின்னச் சபைக்குக் கைமாறாது.

நம்பிக்கை: "பொது நிதி வந்தால் சின்னச் சபை சோம்பிவிடும்."

உண்மை: இந்தப் பயத்தில் நியாயம் உண்டு. 1843இல் ஸ்காட்லாந்து சுயாதீன சபை, தாமஸ் சால்மர்ஸ் யோசனைப்படி, எல்லாச் சபைகளின் காணிக்கையையும் ஒரே நிதியில் சேர்த்துப் போதகர்களுக்குச் சமமாகப் பங்கிட்டது. அங்கும் கொடுக்காமல் வாங்கப் பார்த்த சபைகள் இருந்தன. அதனால், பிடியரிசி விற்ற காசானாலும் சின்னச் சபையும் தன் பங்கைக் கட்டட்டும். வரவு செலவை மாதாமாதம் சபையில் வாசியுங்கள்.

நான்கு தனிச் சபைகள் கூடினாலே இப்படியொரு பொது நிதியைத் தொடங்கிவிடலாம். வருகிற அறுப்பின் பண்டிகையில் ஏலம் போகும் முதல் வாழைத்தாரின் பணத்தை அந்த நிதியில் போடுங்கள்.