மொட்டை மாடி சோலார் பேனல்களை இணைக்கத் திட்டமிடுவது எப்படி?

சோலார் பேனல்களை மாடிக்கு ஏற்றுவதற்கு முன்பே, எந்தப் பேனல் எதனோடு இணைகிறது என்பது தாளில் முடிவாகியிருக்க வேண்டும். ஒரு பேனல் தருவது சுமார் 40 வோல்ட்தான். வீட்டு இன்வெர்ட்டருக்கோ நூற்றுக்கணக்கான வோல்ட் வேண்டும். அதனால் ஒரு பேனலின் பிளஸ் முனையை அடுத்த பேனலின் மைனஸ் முனையோடு கோத்துக்கொண்டே போகிறார்கள். இப்படிக் கோத்த வரிசைக்கு ஸ்ட்ரிங் என்று பெயர். இந்தத் தொடர் இணைப்பில் வோல்ட் கூடும், ஆம்பியர் மாறாது. இரண்டு ஸ்ட்ரிங்குகளைப் பக்க இணைப்பில் சேர்த்தால் ஆம்பியர் கூடும், வோல்ட் மாறாது.

சென்னையில் 540 வாட் பேனல் பத்தும் 5 கிலோவாட் இன்வெர்ட்டரும் வைக்கும் ஒரு வீட்டை இங்கே உதாரணமாகக் கொள்ளலாம். பேனலும் இன்வெர்ட்டரும் எந்த நிறுவனத்தினுடையதாக இருந்தாலும் கணக்குப் போடும் முறை ஒன்றுதான். எண்களை மட்டும் அவரவர் வாங்கும் பொருளின் விவரத்தாளிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

லேபிளைப் படித்தல்

பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளில் நான்கு எண்கள் முக்கியம். வி.ஓ.சி. என்பது எதனோடும் இணைக்காதபோது முனைகளில் இருக்கும் வோல்ட், வி.எம்.பி. என்பது முழுத் திறனில் ஓடும்போது இருக்கும் வோல்ட். ஐ.எஸ்.சி. என்பது பிளஸும் மைனஸும் நேரடியாகத் தொட்டால் ஓடும் ஆம்பியர், ஐ.எம்.பி. என்பது ஓட்டத்தில் இருக்கும் ஆம்பியர். உதாரணப் பேனலுக்கு இவை முறையே 49.5 வோல்ட், 41.6 வோல்ட், 13.9 ஆம்பியர், 13 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். இவற்றோடு வெப்பநிலைக் குணகம் ஒன்றும் விவரத்தாளில் இருக்கும். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் வி.ஓ.சி. எத்தனை சதவீதம் இறங்கும் என்பதை அது சொல்கிறது. இங்கே அது 0.27 சதவீதம்.

இன்வெர்ட்டரின் தாளில் பார்க்க வேண்டியவை: தாங்கக்கூடிய அதிகபட்ச டி.சி. வோல்ட் (உதாரணத்தில் 500), எம்.பி.பி.டி. வேலை செய்யும் குறைந்தபட்ச வோல்ட் (120), எத்தனை எம்.பி.பி.டி. உள்ளீடுகள் (இரண்டு), ஒவ்வொன்றும் ஏற்கும் ஆம்பியர் (16). எம்.பி.பி.டி. என்பது ஸ்ட்ரிங்கிலிருந்து அந்தந்த நேரத்தில் எடுக்கக்கூடிய அதிகபட்சத் திறனைத் தேடிப் பிடிக்கும் பகுதி. இரண்டு உள்ளீடு இருந்தால் இரண்டு ஸ்ட்ரிங்குகளும் ஒன்றையொன்று பாதிக்காமல் தனித்தனியே ஓடும்.

ஒரு ஸ்ட்ரிங்கில் எத்தனை பேனல்?

பலரும் தவறு செய்யும் இடம் இதுதான். 49.5 வோல்ட்டைப் பத்தால் பெருக்கினால் 495. இன்வெர்ட்டர் 500 தாங்கும். ஆகவே பத்தையும் ஒரே ஸ்ட்ரிங்காகக் கோக்கலாம் என்று தோன்றும். கோக்கக் கூடாது. லேபிளில் இருக்கும் 49.5 வோல்ட், பேனல் செல்லின் வெப்பநிலை 25 டிகிரியாக இருக்கும்போது சோதனைக்கூடத்தில் அளந்தது. செல் குளிர்ந்தால் வோல்ட் ஏறும். மார்கழி, தை மாதங்களின் விடியலில், செல் இன்னும் சூடேறாத நேரத்தில், முதல் வெளிச்சம் பட்டதுமே ஸ்ட்ரிங்கின் வோல்ட் ஆண்டின் உச்சத்தைத் தொடுகிறது. சித்திரை வெயில் கொளுத்தும் மதியத்தில் அல்ல.

தமிழ்நாட்டுச் சமவெளிக்குக் குறைந்தபட்சம் 10 டிகிரி என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. 25க்கும் 10க்கும் வித்தியாசம் 15 டிகிரி. 15ஐ 0.27ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 4 சதவீதம். ஆக ஒரு பேனலின் வி.ஓ.சி. 51.5 வோல்ட் ஆகிறது. பத்துப் பேனலுக்கு 515. இன்வெர்ட்டரின் வரம்பை இது தாண்டிவிட்டது. உள்ளே இருக்கும் பாகங்கள் ஒரே காலையில் கருகலாம். வரம்பு மீறி இணைத்ததால் வந்த பழுதுக்கு வாரண்டியும் கிடைக்காது. எனவே இங்கே உச்ச எண்ணிக்கை 9. உறைபனி விழும் ஊட்டி போன்ற ஊர்களில் மைனஸ் 5 டிகிரி வரை கணக்கில் எடுக்க வேண்டும். அங்கே ஒரு பேனல் 53.5 வோல்ட் தொடும். 9 பேனலுக்கு 481. அங்கும் 9 செல்லும், ஆனால் இடைவெளி குறைவு.

கீழ் எல்லையை வெயில் தீர்மானிக்கிறது. கோடை மதியத்தில் காற்று 40 டிகிரியாக இருந்தால் செல் 70 டிகிரி வரை சுடும். அப்போது வி.எம்.பி. 41.6லிருந்து சுமார் 35 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். 120 வோல்ட் வேண்டும் என்றால் மூன்று பேனல் போதாது, நான்கு வேண்டும். ஆனால் நான்கோடு நிறுத்துவதும் சரியல்ல. நிழலால் ஒரு பேனல் ஒதுங்கினால் மிச்சம் 105 வோல்ட்தான். அந்த உள்ளீடே நின்றுபோகும். ஐந்து இருந்தால் ஒன்று ஒதுங்கினாலும் 140 வோல்ட் நிற்கும். ஆகவே இந்த வீட்டுக்கு ஸ்ட்ரிங்கின் நீளம் 5 முதல் 9 பேனல் வரை. பத்துப் பேனலை ஐந்து ஐந்தாகப் பிரித்து, ஆளுக்கொரு எம்.பி.பி.டி. கொடுப்பதே பொருத்தம்.

ஆம்பியர் கணக்கு எளிது. 13 ஆம்பியர் பேனலுக்கு 16 ஆம்பியர் உள்ளீடு போதும். பழைய இன்வெர்ட்டர்கள் சில 11 ஆம்பியர்தான் ஏற்கும். அவற்றோடு இன்றைய பெரிய பேனலை இணைத்தால் உச்சி வெயிலின் ஒரு பகுதி வீணாகும்.

நிழலை வரைந்து பார்த்தல்

தொடர் இணைப்பில் எல்லாப் பேனலிலும் ஒரே ஆம்பியர்தான் ஓட முடியும். ஆகவே ஒரு பேனல் நிழலில் மங்கினால் மற்றவையும் அதன் அளவுக்கு இழுபடும். இதைத் தவிர்க்கத்தான் ஒவ்வொரு பேனலிலும் பைபாஸ் டயோடு உண்டு. மங்கிய பகுதியைத் தாண்டி அது ஆம்பியரைக் கடத்திவிடும். ஆனால் அந்தப் பகுதியின் வோல்ட் போய்விடும். அதனால் நிழல் படும் பேனல்களை ஒரே ஸ்ட்ரிங்கில் கூட்டி, நிழலே படாதவற்றை இன்னொன்றில் வைப்பதுதான் முறை. இரண்டிலும் கலந்து வைத்தால் இரண்டும் கெடும்.

நம் வீடுகளில் தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் கன்னி மூலையில், மாடிப்படி அறையின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். சோலாருக்கு அந்தத் தென்மேற்கு மூலை தொல்லை தரும் இடம். டிசம்பர் 21ஆம் தேதி மாலை மூன்று மணியளவில் சென்னையில் சூரியன் தென்மேற்கில் சுமார் 33 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். நிழலின் நீளம் பொருளின் உயரத்தைப்போல ஒன்றரை மடங்கு. மாடித் தளத்திலிருந்து 4 மீட்டர் உயர்ந்து நிற்கும் தொட்டியின் நிழல் 6 மீட்டருக்கு மேல் வடகிழக்காக, பேனல்கள் கிடக்கும் பக்கமே நீளும். அதே நாள் நண்பகலில் நிழல் 3 மீட்டர்தான்.

வடபக்கத்து மரத்தையும் விட்டுவிடக் கூடாது. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே போகிறது. அந்த மாதங்களில் வடக்கே நெருங்கி நிற்கும் உயரமான தென்னையின் நிழலும் பேனல் மேல் விழலாம். மாடியின் அளவைத் தாளில் வரைந்து, தொட்டி, கைப்பிடிச் சுவர், டிஷ் ஆன்டெனா, பக்கத்து வீட்டுச் சுவர் எல்லாவற்றையும் குறித்து, காலை ஒன்பது மணி, நண்பகல், மாலை மூன்று மணி நிழல்களைக் கோடிட்டுப் பார்த்தால் பேனல்கள் தாமாகவே இரண்டு குழுக்களாகப் பிரிவது தெரியும். உதாரண வீட்டில் தொட்டியை ஒட்டிய மேற்குப் பக்கத்து ஐந்து ஒரு ஸ்ட்ரிங், கிழக்குப் பக்கத்து ஐந்து இன்னொன்று.

ஒரே ஸ்ட்ரிங்கில் இருக்கும் பேனல்கள் ஒரே மாடலாக, ஒரே திசையில், ஒரே சாய்வில் இருக்க வேண்டும். கிழக்கு பார்த்ததையும் மேற்கு பார்த்ததையும் கலக்கக் கூடாது. நாளின் பெரும்பகுதி நிழலில் கிடக்கும் மாடியில் எப்படிப் பிரித்தாலும் பலன் குறைவு. அங்கே பேனலுக்கு ஒன்றாக வைக்கும் மைக்ரோ இன்வெர்ட்டர் கூடுதல் செலவுக்குத் தகுதியானது.

கேபிளும் பாதுகாப்பும்

வீட்டு ஸ்ட்ரிங்குக்கு 4 சதுர மில்லிமீட்டர் சோலார் டி.சி. கேபிள் வழக்கம். வெயிலைத் தாங்காத சாதாரண வீட்டு வயரை மாடியில் ஓட்டக் கூடாது. இந்தக் கேபிளின் மின்தடை கிலோமீட்டருக்குச் சுமார் 5 ஓம். இன்வெர்ட்டர் 20 மீட்டர் தள்ளியிருந்தால், போக வர 40 மீட்டர், 0.2 ஓம். 13 ஆம்பியரில் 2.6 வோல்ட் இழப்பு. ஐந்து பேனல் ஸ்ட்ரிங்கின் 208 வோல்ட்டில் இது 1.25 சதவீதம்; ஏற்றுக்கொள்ளலாம். தூரம் இரண்டு மடங்கானால் 6 சதுர மில்லிமீட்டருக்கு மாற வேண்டும்.

பிளஸ் கேபிளும் மைனஸ் கேபிளும் எப்போதும் ஒட்டியே ஓட வேண்டும். ஒன்று வரிசையின் கிழக்கு முனையிலிருந்தும் மற்றொன்று மேற்கு முனையிலிருந்தும் இறங்கினால் நடுவே பெரிய வளையம் உருவாகும். அருகில் இடி விழும்போது அந்த வளையத்தில் தூண்டப்படும் மின்னழுத்தம் இன்வெர்ட்டரைக் கொல்லும். இதைத் தவிர்க்க ஒரு நல்ல வழி உண்டு. ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்துக்கொண்டு போய், நான்கு, இரண்டு என்று திரும்பி வந்தால் இரண்டு முனைகளும் ஒரே பக்கத்தில் முடியும். பேனலோடு வரும் வயரின் நீளம் இதற்கு எட்டுமா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும்.

எம்.சி.4 கனெக்டரில் ஆண், பெண் இரண்டும் ஒரே தயாரிப்பாக இருக்கட்டும். வெவ்வேறு நிறுவனத்தினுடையவை பார்வைக்குப் பொருந்தினாலும் உள்ளே சரியாகப் பிடிக்காமல் சூடேறித் தீப்பிடிக்கும். கிரிம்ப் செய்ய அதற்கான கருவியே வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்குவது வேலையல்ல. ஸ்ட்ரிங் ஓடிக்கொண்டிருக்கும்போது கனெக்டரைப் பிரிக்கவே கூடாது. ஏ.சி. மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் அதன் தீப்பொறி எளிதில் அணைகிறது, டி.சி. பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை.

தனித்தனி எம்.பி.பி.டி. உள்ள இரண்டு ஸ்ட்ரிங்குக்கு ஃபியூஸ் அவசியமில்லை. மூன்று ஸ்ட்ரிங்குகளைப் பக்க இணைப்பில் சேர்த்தால் நிலைமை மாறும். ஒன்றில் பழுது வந்தால் மற்ற இரண்டும் அதற்குள் 27.8 ஆம்பியரைத் திருப்பித் தள்ளும். பேனல் தாங்குவது 25 ஆம்பியர் ஃபியூஸ் வரைதான் என்று லேபிளே சொல்லும். டி.சி. ஐசொலேட்டரும் சர்ஜ் பாதுகாப்பும் எந்த அமைப்புக்கும் உண்டு. பேனல் சட்டம், இரும்புத் தாங்கி எல்லாவற்றையும் எர்த்தோடு சேர்க்க வேண்டும். இடிதாங்கிக்குத் தனி எர்த் குழி.

இணைக்கும் முன் அளத்தல்

கடைசிக் கனெக்டரை இன்வெர்ட்டரில் செருகுமுன், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் டி.சி. மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். லேபிள்படி ஐந்து பேனலுக்கு 247 வோல்ட். செல் 60 டிகிரி சுடும் மதியத்தில் 224 அளவில் காட்டும். 180ஐ ஒட்டி நின்றால் ஒரு பேனல் கோக்கப்படவில்லை. மைனஸ் குறி வந்தால் முனை மாறியிருக்கிறது. ஒரே நேரத்தில் அளந்த இரண்டு ஸ்ட்ரிங்குகளும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும்.

பேனலுக்கு ஸ்விட்ச் கிடையாது. மின்வாரிய சப்ளை நின்று, இன்வெர்ட்டர் அணைந்து, ஐசொலேட்டரைத் திருப்பிய பிறகும், வெளிச்சம் இருக்கும்வரை மாடியில் ஓடும் கேபிளில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். எனவே எந்தப் பேனல் எந்த ஸ்ட்ரிங், கேபிள் எந்த வழியில் இறங்குகிறது, முதல் நாள் அளந்த வோல்ட் எவ்வளவு என்பதைக் காட்டும் வரைபடத்தின் ஒரு நகலை இன்வெர்ட்டர் பக்கத்திலும் இன்னொன்றை மீட்டர் பெட்டியிலும் ஒட்டிவையுங்கள். பழுது பார்க்க வருபவருக்கும், தீயணைக்க வருபவருக்கும் அது வேண்டும்.