மேடையை விட்டு இறங்கும் முன்: ஓர் இளம் நடனக் கலைஞருக்குக் கடிதம்



அமெரிக்க நகரங்களின் இரவு விடுதிகளில் ஆடை களைந்து ஆடும் கவர்ச்சி நடனத்தைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் அதிலிருந்து விலக எண்ணும்போது, கையில் எவ்வளவு பணம் சேர்ந்திருக்கிறது என்றே பெரும்பாலும் முதலில் கணக்குப் பார்க்கிறார். அதற்கும் முன்னதாக அவர் பார்க்க வேண்டியது, ஈட்டிய பணத்தில் எவ்வளவு தாளில் பதிவாகியிருக்கிறது என்பதைத்தான். வீடு வாடகைக்குக் கேட்கும்போதும், கடனுக்கு விண்ணப்பிக்கும்போதும், முதுமையில் ஓய்வூதியம் கோரும்போதும் அவருடைய உழைப்புக்குச் சாட்சியாக நிற்பது அந்தப் பதிவு மட்டுமே. காற்றுள்ளபோதே தூற்றிக்கொண்டவர் பலர் இத்தொழிலில் உண்டு, தூற்றிய நெல்லை அளந்து எழுதிவைத்தவர் குறைவு.

விடுதிகளில் பெரும்பாலானவை கலைஞரைப் பணியாளராக அல்லாமல் சுயேச்சை ஒப்பந்ததாரராக, அதாவது தம் சொந்தத் தொழிலை விடுதியின் கூரைக்குக் கீழே நடத்துபவராகக் கருதுகின்றன. இதனால் கலைஞர் சம்பளம் பெறுவதற்கு மாறாக, ‘ஹவுஸ் ஃபீ’ என்ற பெயரில் ஒவ்வோர் இரவும் மேடைக்கு வாடகை செலுத்துகிறார். வாடிக்கையாளர் தரும் டிப்ஸில் ஒரு பங்கை டிஜேக்கும் பவுன்சருக்கும் மது பரிமாறுபவருக்கும் பிரித்துக் கொடுத்த பிறகு எஞ்சுவதே அவருடைய வரவு. இந்தக் கழிவுகளை அன்றன்றே குறித்துவைக்காதவர் தம் வருமானத்தை மிகையாக மதிப்பிடுகிறார், ஏனெனில் நினைவில் நிற்பவை நல்ல இரவுகள்தாம்; வாடகைக்கே போதாத செவ்வாய்க்கிழமைகளை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

இப்படி ஒப்பந்ததாரராகச் சுயதொழில் புரிபவர் வருமான வரிக்கு மேலாகச் சுயதொழில் வரி என்ற ஒன்றையும் செலுத்த வேண்டும். அதன் விகிதம் 15.3 விழுக்காடு, அதில் 12.4 விழுக்காடு ‘சோஷியல் செக்யூரிட்டி’ எனப்படும் அரசின் ஓய்வூதியத் திட்டத்துக்கும், 2.9 விழுக்காடு ‘மெடிகேர்’ எனப்படும் முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கும் செல்கின்றன. ரொக்கமாக வந்ததை மறைத்து இந்த வரியைத் தவிர்ப்பது இலாபம் என்ற எண்ணம் ஒப்பனை அறைகளில் வேரூன்றியிருக்கிறது. அது சட்டமீறல் என்பது ஒருபுறமிருக்க, கணக்காகவே அது நட்டம்தான். ஓய்வூதியத் தகுதிக்கு 40 பணிப் புள்ளிகள் வேண்டும். ஆண்டுக்கு நான்குக்கு மேல் ஈட்ட இயலாது. 2025ஆம் ஆண்டில் ஒரு புள்ளிக்கு 1,810 டாலர் வருவாய் கணக்கில் காட்டப்பட வேண்டியிருந்தது. ஓய்வூதியத் தொகையோ, மிகுதியாக ஈட்டிய 35 ஆண்டுகளின் சராசரியைக் கொண்டு கணிக்கப்படுவதால், காட்டப்படாத ஆண்டுகள் அந்தச் சராசரியில் சுழியமாக நுழைந்து அதைக் கீழே இழுக்கின்றன. சுயதொழில் வருவாய் ஓர் ஆண்டுக்குரிய கணக்கில் ஏற வேண்டுமானால், பொதுவாக அந்த ஆண்டு முடிந்து மூன்று ஆண்டு, மூன்று மாதம், 15 நாளுக்குள் அது அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அதன் பின்னர் வரியைச் செலுத்தினாலும் புள்ளி கிடைக்காது. ஆகவே விலக எண்ணும் கலைஞர், தாக்கல் செய்யாமல் விட்ட ஆண்டுகளில் இந்த வரம்புக்குள் இன்னும் இருப்பவற்றை ஒரு வரி ஆலோசகரின் துணையோடு முதலில் சீர்செய்வது நல்லது.

ரொக்கத்தை வங்கியில் இடுவது பற்றிய அச்சமும் தெளிவுபட வேண்டும். 10,000 டாலருக்கு மேற்பட்ட ரொக்கம் செலுத்தப்படும்போது வங்கி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்புகிறது. அது வழக்கமான நடைமுறை, குற்றச்சாட்டு அன்று. அந்த அறிக்கையைத் தவிர்க்கும் நோக்கத்தோடு தொகையைச் சிறு சிறு பகுதிகளாக உடைத்துச் செலுத்துவதுதான் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம், பணம் நேர்மையாக ஈட்டியதாக இருந்தாலும். வீட்டில் கட்டுக்கட்டாகச் சேர்த்துவைத்துவிட்டு, தோழியின் பேச்சைக் கேட்டு அதைப் பிரித்துப் பிரித்துச் செலுத்துபவர், தவறே இல்லாத இடத்தில் தவறை உண்டாக்கிக்கொள்கிறார்.

வரியைக் குறைக்கும் முறையான வழிகளும் உள்ளன. மேடை வாடகை, தெருவில் அணிய இயலாத மேடை உடை ஆகியவை தொழிற்செலவாகக் கழிக்கத்தக்கவை. 1994ஆம் ஆண்டில் அமெரிக்க வரி நீதிமன்றம், ஒரு கவர்ச்சி நடனக் கலைஞர் தொழிலுக்கென்றே அசாதாரண அளவில் செய்துகொண்ட மார்பகப் பொருத்தல்களை மேடைச் சாதனமாகவே ஏற்று, அவற்றுக்குத் தேய்மானக் கழிவு வழங்கியது. சிறு வழக்குகளுக்கான நடைமுறையில் வந்த அத்தீர்ப்பு முன்னுதாரணம் ஆகாது என்றபோதிலும், பொதுமக்கள் நகைத்த ஒரு தொழிலை நீதிமன்றம் தொழிலாகவே எடைபோட்டது என்பது கவனிக்கத்தக்கது.

பணத்தின் அளவைவிட அது வரும் தாளமே விலகியவரைத் தடுமாறச் செய்கிறது. ஒவ்வோர் இரவும் கையில் ரொக்கம் பெற்றுப் பழகியவர், அடுத்த வேலையில் இரு வாரத்துக்கு ஒருமுறை வரி பிடித்தம் போக வரும் சம்பளத்தைக் கொண்டு வாழ வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் பற்றாக்குறை வந்தால் இன்னோர் இரவு ஆடி ஈடுகட்ட முடிந்தது, இப்போது அந்த வழியும் இல்லை. இதற்குச் சிறந்த ஒத்திகை, ஆடிக்கொண்டிருக்கும்போதே வரவு முழுவதையும் ஒரு கணக்கில் இட்டு, வரிக்குரியதை வேறொரு கணக்குக்கு மாற்றி, அடுத்து நாடும் வேலையின் சம்பளம் எவ்வளவோ அவ்வளவை மட்டும் இரு வாரத்துக்கு ஒருமுறை தமக்குத் தாமே வழங்கி ஆறு மாதமேனும் வாழ்ந்து பார்ப்பது. வாழ முடியாவிட்டால் அந்த உண்மை சேமிப்பு கரைவதற்கு முன்னரே தெரிந்துவிடும். முடிந்தால் மிச்சம் தானே சேமிப்பாகிவிடும். நெருக்கடிக்கான அந்தச் சேமிப்பு நிரம்பிய பிறகு, ‘ராத் ஐஆர்ஏ’ எனப்படும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு பொருத்தமானது. வரி கட்டிய வருவாயிலிருந்து இடப்படும் அதில் 50 வயதுக்குட்பட்டவருக்கு 2025ஆம் ஆண்டின் உச்சவரம்பு 7,000 டாலர், இட்ட அசலை எப்போது வேண்டுமானாலும் வரியின்றித் திரும்ப எடுக்கலாம்.

கல்வியை இலக்காகக் கொண்டவர் ஒரு நுட்பத்தை அறிந்திருக்க வேண்டும். கல்லூரி நிதியுதவிக்கான கூட்டாட்சி விண்ணப்பம் இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய வருவாயையே பார்க்கிறது. 2026-27 கல்வியாண்டுக்கு 2024ஆம் ஆண்டின் கணக்கு. நன்றாக ஈட்டிய ஆண்டை அடுத்து வேலையை விட்டவர் தாளில் வசதியானவராகத் தோன்றுவார் என்பதால், வருமானம் குறைந்ததற்கான சான்றுகளோடு கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தை அணுகி மறுமதிப்பீடு கோர வேண்டும். அங்கும் தேவைப்படுவது அதே தாள்கள்தாம். வீட்டுக்கடன் தருபவர்களும் சுயதொழிலரிடம் வழக்கமாக இரண்டு ஆண்டு வரிக் கணக்கைக் கேட்கின்றனர்.

பணியாளர் என்ற தகுதிக்கான போராட்டமும் இதே பதிவைச் சார்ந்ததே. லாஸ் ஏஞ்சலஸின் வடக்கு ஹாலிவுட் பகுதியின் ‘ஸ்டார் கார்டன்’ விடுதிக் கலைஞர்கள் 2023ஆம் ஆண்டில் ‘ஆக்டர்ஸ் ஈக்விட்டி’ என்ற நடிகர் தொழிற்சங்கத்தின் வழியே சங்கமாயினர். பணியாளராக இருப்பவருக்கு ஓய்வூதிய வரியில் பாதியை முதலாளி செலுத்துகிறார் என்பது அந்தத் தகுதியின் நேரடிப் பயன். ஆனால் தாமாக வேலையைத் துறந்தவருக்கு வேலையின்மைக் காப்பீடு பொதுவாகக் கிடைப்பதில்லை என்பதால், விலகும் திட்டத்தில் அதை வரவாக எழுதக்கூடாது.

விலகிய பின் ஒரு வார இறுதிக்காக மேடைக்குத் திரும்புவோர் பலர். அதைத் தோல்வி என்று பழிப்பதில் பொருளில்லை. எத்தொகைக்காக, எத்தனை இரவுகளுக்காக என்பதை முன்கூட்டி எழுதிவைத்துத் திரும்புவதும், மாத முடிவின் பதற்றத்தில் திரும்புவதும் வேறு வேறு. அந்தப் பதற்றத்துக்குரிய நாள் ஏற்கெனவே குறிக்கப்பட்டிருக்கிறது: சுயதொழிலர் ஏப்ரல், ஜூன், செப்டம்பர், அடுத்த ஜனவரி என நான்கு தவணைகளில் உத்தேச வரி செலுத்த வேண்டியவர், அவ்வாறு செலுத்தாமல் விட்டவருக்கு, மேடையில் ஆடிய கடைசி ஆண்டின் வரி முழுவதும், மேடை வருமானம் நின்றுபோன அடுத்த ஆண்டின் ஏப்ரல் 15 அன்று மொத்தமாகக் கேட்கப்படும்.