கைக்குழந்தையோடு பத்தாம் வகுப்பு

"பிள்ளை பெத்தவளுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு?" கொல்லிமலையின் 14 நாடுகளில் ஒன்றான பைல் நாட்டில் மட்டுமல்ல, மலைக்குக் கீழேயும் கேட்கிற கேள்விதான். பதினாறு வயதில் தாயான மகளைத் திரும்ப வகுப்புக்கு அனுப்ப நினைக்கும் அம்மாவுக்கும், அவளைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கும் ஆசிரியருக்கும் இதை எழுதுகிறேன். ஊர் வாய் ஓயட்டும் என்று காத்திருந்தால் அடுத்த பிள்ளை வந்துவிடும். ஊர் பேசிக்கொண்டிருக்கும்போதே அனுப்ப வேண்டியதுதான்.

முதலில் பயத்தைப் பேசிவிடுவோம். 18 வயது நிறையாத பெண் கருவுற்றது தெரிந்தால் மருத்துவமனை அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் வேறு வழி வைக்கவில்லை. வழக்குக்குப் பயந்து மகளை மறைத்துவைக்கும் வீட்டில் முதலில் நின்றுபோவது மருத்துவப் பரிசோதனை, அடுத்தது படிப்பு. வழக்கு வேறு, பள்ளி வேறு. மேற்கு வங்கத்தில் பதினான்கு வயதில் வீட்டைவிட்டுப் போய்த் தாயான ஒரு பெண்ணின் வழக்கில், பத்தாம் வகுப்பு வரையிலும், அவள் விரும்பினால் பட்டம் முடிக்கும் வரையிலும் படிப்புச் செலவை மாநில அரசே ஏற்க வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அது அவள் ஒருத்திக்கான உத்தரவுதான். ஆனாலும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் உதவி கேட்டு மனு கொடுக்கும்போது அதைச் சொல்லிக் கேளுங்கள். குழுவை எப்படி அணுகுவது என்று தெரியாவிட்டால் 1098-ஐ அழையுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. "மற்ற பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்" என்பது நீங்கள் மட்டும் சொல்வதல்ல. தான்சானியாவில் தாயான மாணவிகளைப் பள்ளிக்குள் விடாமலே வைத்திருந்தார்கள். 2021 நவம்பரில் அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். நம் மாநிலத்தில் அப்படி ஒரு தடைச் சட்டமே கிடையாது, இருப்பதெல்லாம் வாய்மொழித் தடை. வந்தவளைத் தாலியைக் கழற்றிவிட்டு வா என்று அதட்டாதீர்கள். காலை வழிபாட்டில் குழந்தைத் திருமண விழிப்புணர்வு என்று அவளை ஜாடை காட்டிப் பேசவே கூடாது. அடுத்த நாள் அவள் வரமாட்டாள்.

பெரும்பாலும் பெண்ணை வீட்டுக்கு விரட்டுவது கேலியைவிடப் பால்தான். மூன்றாவது பீரியடுக்குள் மார்பு கட்டிக்கொள்ளும், சட்டை நனையும், பின்பெஞ்சில் யாராவது சிரிப்பார்கள். பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்துத் தைத்த துண்டுகளை உள்ளாடைக்குள் வைத்து அனுப்புங்கள், மாற்றுக்கு இரண்டு பையில் இருக்கட்டும். மதிய இடைவேளையில் பாட்டி குழந்தையைத் தூக்கிவந்து பால் கொடுக்கவைக்க முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. தூரமென்றால் காலையில் பீய்ச்சிச் சுத்தமான பாத்திரத்தில் மூடி வைத்த பால் நான்கு மணி நேரம் தாங்கும், பாலாடையால் புகட்டலாம். ஓர் ஆசிரியை ஒரு அறையின் சாவியைக் கொடுத்தால் போதும், பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பிரசவத்துக்கு முன்பே தலைமையாசிரியரைப் பார்த்துப் பெயரை நீக்க வேண்டாம் என்று கேட்டு வையுங்கள். அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் தமிழ்வழிப் பள்ளியிலோ 6 முதல் 12 வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. அதனால் பள்ளிக்கே திரும்புவதுதான் முதல் வழி, தனித்தேர்வராக எழுதுவது அடுத்தது. ஆனால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 19 வயது நிறையாதவளுக்கு அது கிடையாது.

அடுத்த கர்ப்பத்தைத் தள்ளிப்போடுவதைக் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் வெட்கப்படாமல் பேசுங்கள், மருமகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளையை இடுப்பில் சுமந்தபடி மிளகுத் தோட்ட வேலைக்கு அவளை அனுப்பும் மாமியாருக்கும் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

பள்ளிக்குத் திரும்பவே முடியாவிட்டால் ஒன்றைக் கவனியுங்கள்: தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பை முதல்முறை எழுதுகிறவர் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பெயர் கொடுத்திருக்க வேண்டும். அந்தப் பதிவைத் தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடும். பதிவுத் தேதியை மே மாதத்திலிருந்தே பள்ளியில் விசாரித்துக்கொண்டிருங்கள்.