மின்கம்பித் தீயும் இழப்பீடும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கலிஃபோர்னியாவில் ஊர்களையே அழித்த காட்டுத்தீக்கள் பல மின்கம்பியில் கிளம்பியவை. அவற்றுள் மிகக் கொடியது, 2018 நவம்பர் 8 அன்று பாரடைஸ் நகரை எரித்த கேம்ப் தீ. ஏறத்தாழ நூறாண்டுப் பழமையான உயரழுத்தப் பாதையின் கோபுரம் ஒன்றில், தேய்ந்துபோன இரும்புக் கொக்கி முறிந்து கம்பி விழுந்ததே தொடக்கம். 85 பேர் இறந்தனர். 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. அந்தப் பாதை பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் (பி.ஜி.இ.) நிறுவனத்துக்குச் சொந்தமானது. அதனிடம் இழப்பீடு கேட்டவர்களுக்கு நேர்ந்ததற்கும், இத்தகைய வழக்குகளைப் பற்றிப் பொதுவாக நம்பப்படுவதற்கும் நிறைய இடைவெளி உண்டு.

நிறுவனத்தின் கவனக்குறைவை நிரூபித்தால்தான் பணம் கிடைக்கும் என்பது முதல் நம்பிக்கை. பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் அது சரி. கலிஃபோர்னியாவில் பாதிதான் சரி. பொதுப் பயன்பாட்டுக்காகத் தனியார் சொத்தை எடுத்தாலோ சேதப்படுத்தினாலோ ஈடு தரவேண்டும் என்கிறது அம்மாநில அரசியலமைப்பு. அரசுக்கான இந்தக் கடமை தனியார் மின் நிறுவனத்துக்கும் பொருந்தும் என்று, சதர்ன் கலிஃபோர்னியா எடிசன் நிறுவனத்துக்கு எதிரான ஒரு வழக்கில் 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே வீட்டை எரித்தது நிறுவனத்தின் கம்பிதான் என்று காட்டினால் போதும். பராமரிப்பில் தவறு இருந்ததா என்ற கேள்வியே எழாது. ஆனால் இந்த வழி சொத்துக்கு மட்டுமே. உயிரிழப்பு, உடற்காயம், மன வேதனை ஆகியவற்றுக்கு ஈடு கேட்பவர் பழையபடி கவனக்குறைவை நிரூபித்தாக வேண்டும்.

அரசு விசாரணை அறிக்கையே இறுதிச் சொல் என்பதும் தவறு. 2017-இல் சான்டா ரோசாவைத் தாக்கி 22 உயிர்களைப் பறித்த டப்ஸ் தீக்கு ஒரு தனியார் வளாகத்தின் மின் இணைப்பே காரணம் என்று மாநிலத் தீயணைப்புத் துறை 2019 ஜனவரியில் அறிவித்தது. பி.ஜி.இ. மீதான கோரிக்கை அதோடு முடிந்தது என்று பலரும் எண்ணினர். ஆனால் பாதிக்கப்பட்டவர்களின் வழக்கறிஞர்கள் சொந்தமாகச் சான்று திரட்டி, நடுவர் குழு முன் வழக்கை நடத்த அனுமதி பெற்றனர். கடைசியில் டப்ஸ் தீயும் பி.ஜி.இ. பாதிக்கப்பட்டவர்களோடு செய்த இழப்பீட்டு ஒப்பந்தத்துக்குள் வந்தது. நல்ல வழக்கறிஞரின் வேலை படிவம் நிரப்புவதோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

மிக ஆழமாக ஊன்றிய நம்பிக்கை, செய்தித்தாளில் வரும் தொகையைப் பற்றியது. கேம்ப் தீக்கு மூன்றே மாதத்துக்குள், 2019 ஜனவரி 29 அன்று, பி.ஜி.இ. திவால் பாதுகாப்பு கோரியது. தனித்தனி வழக்குகள் அத்துடன் நின்றன. எல்லாக் கோரிக்கைகளும் திவால் நீதிமன்றத்துக்குள் சென்றன. சுமார் 70,000 பேருக்காக 1,350 கோடி டாலர் அறக்கட்டளை என்று அறிவிப்பு வந்தது. அதில் பாதிதான் ரொக்கம். மறுபாதி, தீயை மூட்டிய அதே நிறுவனத்தின் பங்குகள். வீடிழந்தவரின் ஈடு பங்குச்சந்தையின் ஏற்ற இறக்கத்தில் தொங்கியது. அந்தப் பங்குகளும் எதிர்பார்த்த விலைக்குப் போகவில்லை. முதல் கட்டத்தில், அங்கீகரிக்கப்பட்ட தொகையில் 30 சதவீதமே கைக்கு வந்தது. பின்னர் அது படிப்படியாக 60 சதவீதத்தைத் தாண்டியது. காப்பீட்டு நிறுவனங்களோ தம் பங்கான 1,100 கோடி டாலரை ரொக்கமாகவே பெற்றன. அறிவிக்கப்படும் மொத்தத் தொகையைவிட அது எந்த வடிவில், யாருக்கு முதலில் போகிறது என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டால் இழப்பீடு தானாக வரும் என்றும் சொல்வார்கள். 2020 ஜூனில் பி.ஜி.இ., கேம்ப் தீயில் இறந்தவர்களுள் 84 பேரின் மரணத்துக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அபராதம் சுமார் 35 லட்சம் டாலர். சட்டம் அனுமதித்த உச்சமே அவ்வளவுதான். குற்ற வழக்கு வேறு, உரிமையியல் கோரிக்கை வேறு.

காப்பீடு பெற்றவர் வழக்குப் போடமுடியாது என்பதிலும் உண்மையில்லை. காப்பீடு ஈடுசெய்யாத எதையும் நிறுவனத்திடம் கேட்கலாம். காப்பீட்டுத் தொகையை மீறிய கட்டுமானச் செலவு, கருகிய மரங்கள், நின்றுபோன தொழில் எல்லாம் இதில் அடங்கும். வாடகைக்குக் குடியிருந்தவருக்கும் இந்த உரிமை உண்டு. காப்பீடு கொடுத்த பணத்தை இரண்டாம் முறை கேட்க முடியாது, அவ்வளவே.

எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்று காத்திருந்தவர்கள் பட்ட பாடு பெரிது. கலிஃபோர்னியாவில் சொத்துச் சேதத்துக்கு மூன்று ஆண்டு, காயத்துக்கும் மரணத்துக்கும் இரண்டு ஆண்டு என்பது பொதுவான காலவரம்பு. திவால் வழக்கு அதையும் சுருக்கிவிட்டது. கேம்ப் தீயில் வீடிழந்தவருக்கு 2021 நவம்பர் வரை இருந்திருக்க வேண்டிய அவகாசம், நீட்டிப்புக்குப் பிறகும் 2019 டிசம்பர் 31 அன்றே முடிந்தது.

'எல்லோரும் சேர்ந்து ஒரே வழக்கு' என்ற எண்ணம் கலிஃபோர்னியாவுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அங்கே ஆயிரக்கணக்கான தனி வழக்குகளை ஒரே நீதிபதி ஒருங்கிணைத்து நடத்துவதே வழக்கம். ஒவ்வொருவரும் தம் இழப்பைத் தாமே ஆவணப்படுத்தவேண்டும். ஆரிகன் மாநிலத்தில் காட்டுத்தீக்காகப் பசிபிக்கார்ப் மின் நிறுவனத்தின் மீது நடந்ததோ உண்மையான கூட்டு வழக்கு. 2023 ஜூனில் நடுவர் குழு நிறுவனத்தைப் பொறுப்பாக்கியது. ஆனாலும் யாருக்கு எவ்வளவு என்பதற்குத் தொடர் விசாரணைகள் தேவைப்பட்டன.

வழக்கறிஞருக்கு முன்பணம் தேவைப்படும் என்று அஞ்சி ஒதுங்குபவர்கள் உண்டு. இத்தகைய வழக்குகளில் கட்டணம் பெரும்பாலும் கிடைக்கும் தொகையில் ஒரு பங்கு, கிடைக்காவிட்டால் கட்டணமில்லை. கலிஃபோர்னியச் சட்டப்படி இது எழுத்து ஒப்பந்தமாக இருக்கவேண்டும். விகிதம் பேரம் பேசத்தக்கது என்பதும் அதில் எழுதப்பட்டிருக்கவேண்டும். நிபுணர் ஆய்வு போன்ற செலவுகள் யார் தலையில் விழும் என்பதை அங்கேயே பார்த்துக்கொள்வது நல்லது. நிவாரண முகாமுக்கு ஆளனுப்பி வழக்குப் பிடிப்பது அம்மாநிலத்தில் சட்டவிரோதம்.

2025 ஜனவரியில் ஆல்டடீனாவை எரித்த ஈட்டன் தீக்குப் பிறகு, நீதிமன்றம் போகாமலே நிறுவனத்திடம் நேரடியாகப் பணம் பெறும் வழியும் வந்திருக்கிறது. தீயின் காரணம் அதிகாரபூர்வமாக முடிவாகும் முன்பே சதர்ன் கலிஃபோர்னியா எடிசன் அந்த ஆண்டு இத்திட்டத்தைத் தொடங்கியது. வழக்கறிஞர் இல்லாமலும் விண்ணப்பிக்கலாம். இது நன்கொடை அன்று: தொகையை ஏற்பவர் அந்தத் தீ தொடர்பாக எடிசன் மீது வழக்குத் தொடுக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறார். பின்னாளில் மண்ணில் நச்சு கண்டறியப்பட்டாலோ வீடு கட்டும் செலவு ஏறினாலோ மறுபடி கேட்கமுடியுமா என்பது அவர் கையெழுத்திடும் ஆவணத்தின் சொற்களைப் பொறுத்தது.