எலியின் நினைவாற்றலும் கைபேசி அலைகளும்

நம்பிக்கை: கைபேசிக் கதிர்வீச்சு நினைவாற்றலைச் சிதைக்கும் என்பது எலிகளிடம் நிரூபிக்கப்பட்டுவிட்டது.

உண்மை: கர்நாடகத்தின் மணிப்பால் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், அதிர்வு நிலையில் வைத்த கைபேசிக்கு நாளொன்றுக்கு 50 மிஸ்டு கால்கள் வீதம் 4 வாரங்கள் விடுக்கப்பட்டன. அந்த அலைகளுக்கு உட்பட்ட எலிகள் பின்னர் மாரிஸ் நீர்த்தொட்டிச் சோதனையில், அதாவது நீருக்கடியில் மறைந்திருக்கும் சிறு மேடையின் இடத்தை நினைவில் கொண்டு நீந்திச் சேர வேண்டிய சோதனையில் இறக்கப்பட்டபோது, மேடை இருந்த பகுதியை எட்ட மற்ற எலிகளைவிட ஏறத்தாழ 3 மடங்கு நேரம் எடுத்துக்கொண்டன. முடிவு கவனத்துக்குரியதுதான், ஆனால் கைபேசி அதிரும்போது வெளிப்படுவது அலை மட்டுமன்று. ஓயாத அதிர்வு எலிக்கு மன அழுத்தம் தரக்கூடியது. அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிகோஸ்டிரோன் என்னும் ஹார்மோன், புதிய நினைவுகள் உருவாகும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியைப் பாதிக்கவல்லது என்பதால், எலிகளின் தடுமாற்றத்துக்கு அலை காரணமா அதிர்வு காரணமா என்று உறுதியாகச் சொல்வது கடினம். எலியைக் குறுகிய குழாயில் அடைத்துத் தலையருகே ஆண்டெனா வைக்கும் முறையிலும் இதே சிக்கல் உண்டு. ஆகவேதான் கவனமான ஆய்வகங்கள் அதே குழாயில், அதே நேர அளவுக்கு, ஆண்டெனாவை இயக்காமல் அடைத்த மற்றொரு குழுவுடன் ஒப்பிடுகின்றன. மேலும், தென் புளோரிடா பல்கலைக்கழகத்தின் 2010ஆம் ஆண்டு ஆய்வில், அல்சைமர் நோய்க்கூறு கொண்டதாக மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளின் நினைவுத்திறன், மாதக்கணக்கில் அலைக்கு உட்பட்ட பின் மேம்பட்டதாகவே பதிவாகியுள்ளது. முதல் ஆய்வை நிரூபணம் என்று கொள்பவர் இதையும் அவ்வாறே கொள்ள நேரும்.

நம்பிக்கை: 2 மணி நேரம் அலை பட்டாலே மூளைச் செல்கள் மடியும்.

உண்மை: ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் லெய்ஃப் சால்ஃபோர்டு குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வே இதன் ஊற்று. எலிகளை ஒரே ஒரு முறை 2 மணி நேரம் அலைக்கு உட்படுத்தி, 50 நாள் கழித்து மூளையைச் சோதித்தபோது, சாயம் ஏற்றிய திசுவில் கருத்துச் சுருங்கிய நரம்புச் செல்கள் தென்பட்டன. ஜப்பானிலும் பிரான்சிலும் இதைச் சரிபார்த்து 2009இல் வெளியான ஆய்வுகள் அந்தச் சேதத்தைக் காணவில்லை. இறந்த விலங்கின் மூளையைக் கையாளும் விதத்தாலேயே இத்தகைய கருஞ்செல்கள் தோன்றக்கூடும் என்பதும் திசுவியலாளர் நெடுங்காலமாக அறிந்த செய்தி.

நம்பிக்கை: எலிக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேரும்.

உண்மை: எலியின் மூளை ஏறத்தாழ 2 கிராம் எடையுள்ளது, அலை அதன் முழு ஆழத்தையும் எட்டிவிடும். மனிதத் தலையிலோ ஆற்றலின் பெரும்பகுதி காதை ஒட்டிய மேற்பரப்புத் திசுக்களிலேயே உட்கவரப்படுவதால், ஆழத்தில் அமைந்த ஹிப்போகேம்பஸை எட்டுவது சிறுபங்கே. அளவும் வேறு: புற்றுக்கட்டிகளைத் தேடி அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டம் நடத்தி 2018இல் இறுதி அறிக்கை வெளியிட்ட ஆய்வில், எலிகளின் முழு உடலும் நாளொன்றுக்குச் சுமார் 9 மணி நேரம், கிலோவுக்கு 6 வாட் வரை அலையாற்றலை ஏற்றது, இந்தியாவில் விற்கப்படும் கைபேசிக்கான உச்சவரம்பு கிலோவுக்கு 1.6 வாட், அதுவும் ஒரு கிராம் திசுவின் சராசரியாகக் கணக்கிடப்படுவது.