நீலகிரி வரி அணில்

எருத்தேன்பதியின் தென்னந்தோப்புகளில் ஓடித்திரியும் அணிலை அறியாத மாணவர் இலர். இராமபிரான் தடவியதால் அதன் முதுகில் மூன்று கோடுகள் விழுந்தன என்னும் கதையையும் அவர்கள் கூறுவர். அவ்வூருக்குத் தெற்கே உயரும் ஆனைமலைத் தொடரின் ஈரக்காடுகளில் இதன் நெருங்கிய உறவினமொன்று வாழ்கின்றது. அதன் கோடுகள் மங்கலானவை. கரும்பழுப்பு உரோமத்தினுள் மறைந்தே கிடக்கும்.

இதன் விஞ்ஞானப் பெயர் ஃபுனாம்புலஸ் சப்லீனியேட்டஸ். முற்சொல்லுக்குக் கயிற்றின்மேல் நடப்பவன் என்றும், பிற்சொல்லுக்குச் சற்றே கோடிட்டது என்றும் பொருள். வாட்டர்ஹவுஸ் என்பார் 1838-இல் இதனை விவரித்தார். நம் நாட்டு வரி அணில்களுள் மிகச் சிறியது இதுவே. எடை ஏறத்தாழ 40 கிராம். தோப்பு அணிலோ இதனைப்போல் இரு மடங்குக்கு மேற்பட்டது. இலங்கையின் ஈரக்காடுகளிலுள்ளதும் இவ்வினமே என நெடுங்காலம் கருதப்பட்டது. 2012-இல் வெளியான ஆராய்ச்சி, அது வேறினம் எனக் காட்டியது. எனவே நீலகிரி வரி அணிலுக்கு மேற்குத் தொடர்ச்சி மலையன்றி வேறு தாயகம் உலகில் இல்லை. அங்கும் பாலக்காட்டுக் கணவாயின் வறண்ட சமவெளி குறுக்கிடுவதால், வடக்கே நீலகிரிப் பக்கத்தவையும் தெற்கே ஆனைமலைப் பக்கத்தவையும் ஒன்றுகூட வழியில்லை.

களப் பணியாளர் கருத வேண்டியது ஒன்றுண்டு. அணிலென்றதும் நாம் அண்ணாந்து பார்க்கிறோம். இதுவோ பெரிதும் தரையையும் அடிப்புதரையும் நம்பி வாழ்வது. ஏலம், காப்பி பயிரிடுவோர் நிழலுக்காகப் பெருமரங்களை விட்டுவைத்து, அடிப்புதரை மட்டும் வெட்டி நீக்குகின்றனர். தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு அது காடாகவே தோன்றும். மலையணிலுக்கு அங்குக் குறைவில்லை. இச்சிற்றணிலுக்கோ ஒதுங்க இடமில்லை. அழியும் நிலைக்கு ஆளாகக்கூடிய இனங்களின் உலகப் பட்டியலில் இது இடம்பெற்றிருப்பதற்கு வாழிட இழப்பே தலையாய காரணம்.

காட்டில் வரியணில் ஒன்றைக் கண்டவுடன் இதுவேயென முடிவு கட்டலாகாது. காட்டு வரி அணில் என்னும் பெரிய இனமொன்றும் அதே மலைகளில் உண்டு. அதன் கோடுகள் பளிச்சென்றிருக்கும், தோட்டங்களிலும் அது தாராளமாக நடமாடும். ஆதலால் குறிப்பேட்டில் கோடுகளின் தெளிவு, உடலளவு ஆகியவற்றோடு, கண்டது தரையிலா கிளையிலா, அவ்விடத்தில் அடிப்புதர் எவ்வளவு உயரம் என்பனவற்றையும் தவறாது எழுதுக.